வோர்ட் பயிற்சிக்கு முன் தடுப்பூசிப் பதிவு தேடுகிறவர்கள் விடும் பிழைகள்

தாதியமோ மருத்துவமோ ஆய்வுகூடப் படிப்போ, எதுவாக இருந்தாலும் நோயாளிக்குப் பக்கத்தில் போய் நிற்கிற கட்டம் வந்தால் தடுப்பூசி விபரம் கேட்பார்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. திகதி, ஊசியின் பெயர், கையொப்பம், முத்திரை என்று எல்லாம் வேண்டும், ஒன்று குறைந்தாலும் பயிற்சி தள்ளிப்போகலாம். நாங்களோ கேட்ட பிறகுதான் அலுமாரியைக் கிளறத் தொடங்குகிறோம். ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசியைப் புதிதாகப் போட வேண்டி வந்தால் வழக்கமான முறையில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஆறு மாதம் செல்லும், அதன் பிறகு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கலாம். கடைசி நேரத்தில் ஓடி இதை முடிக்க முடியாது. படிப்புக்கு இடம் கிடைத்த கையோடு தேடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? பிறந்தது போதனா வைத்தியசாலையில் என்றால் நேரே அங்கே போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே போட்டது பெரும்பாலும் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி., அதாவது காசநோய்த் தடுப்பூசி, மட்டும்தான். மற்ற ஊசிகள் எல்லாம் நீங்கள் குழந்தையாக இருந்தபோது குடும்பம் எந்தப் பகுதியில் இருந்ததோ அந்தப் பகுதிக் கிளினிக்கில் போட்டவை, அதற்குப் பொறுப்பு அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அதாவது எல்லாரும் சொல்லுகிற எம்.ஓ.எச். ஒபிஸ். இப்போது இருக்கிற இடத்து ஒபிஸ் அல்ல, அப்போது இருந்த இடத்து ஒபிஸ். யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சொந்த ஊர் காங்கேசன்துறை என்று சொல்லிக்கொண்டு தெல்லிப்பழைக்குப் போவார்கள், ஆனால் அந்த வருடங்களில் குடும்பம் சுன்னாகத்தில் வாடகை வீட்டிலோ முகாமிலோ இருந்திருக்கும், ஊசி போட்டது உடுவில் பிரிவில். அம்மாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி தடுப்பூசிக் காட் எங்கே என்பதல்ல, நான் பிறந்து ஐந்து வயது வரைக்கும் நாங்கள் எங்கெங்கே இருந்தோம் என்பது.

அங்கே போய் உங்கள் பெயரைச் சொன்னால் இல்லை என்று பதில் வரலாம், உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் முப்பத்தொன்று கழித்து, சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்டுப் பெயர் வைக்கிறவர்கள். குடும்பநல உத்தியோகத்தர், அதாவது மிட்வைஃப் மிஸ், வீட்டுக்கு வந்து குழந்தையைப் பதியும்போது பல நேரம் பெயரே இருந்திருக்காது. அதனால் தாயின் பெயர், பிறந்த திகதி, கிராமசேவகர் பிரிவு, அந்தக் காலத்து விலாசம், இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மிஸ் வீடு வீடாகத் திரிகிறவர், எந்த நாளில் ஒபிஸில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. இருபது வருடப் பழைய பதிவேட்டை யாரும் மேசையில் வைத்துக்கொண்டு இருக்க மாட்டார்கள், கொஞ்சம் பொறுமையும் மரியாதையும் வேண்டும்.

வன்னியில் பிறந்து 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போதுதான் படித்துக்கொண்டு இருக்கிறார்கள். காட்டும் போயிருக்கும், ஒபிஸ் பதிவேடும் போயிருக்கலாம். இவர்கள் தேடலை ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செட்டிகுளம் முகாமில் தந்த துண்டு, முதலாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிரதி, ஏழாம் வகுப்பில் போட்ட ஏற்பு ஊசிக்குத் தந்த காட், இவ்வளவும் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மேல் அலைவதில் பயன் இல்லை. காட் இல்லை என்றால் படிப்பே போச்சு என்று யோசிக்கத் தேவையில்லை. சின்னமுத்து, ருபெல்லா, கொப்புளிப்பான் போன்றவற்றுக்கு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம், அல்லது ஊசியைத் திரும்பவும் போட்டுவிடலாம். முன்பு போட்டவருக்கு எம்.எம்.ஆர்., அதாவது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி, இன்னொரு தரம் போட்டால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் எம்.எம்.ஆரும் கொப்புளிப்பான் ஊசியும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை, கர்ப்பமாக இருக்கும்போது போடக்கூடாது. கலியாணம் கட்டின பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

காட் கிடைத்தவர்கள் விடும் பிழை வேறு: கிடைத்துவிட்டது என்று வாசிக்காமலே கொடுத்துவிடுவது. எங்கள் நாட்டில் எம்.எம்.ஆர். அட்டவணைக்குள் வந்தது 2011 இல். 2004, 2005 இல் பிறந்த பிள்ளையின் காட்டில் ஒன்பதாம் மாதம் சின்னமுத்து ஊசி, மூன்று வயதில் சின்னமுத்தும் ருபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். என்றுதான் இருக்கும். கூகைக்கட்டு அதில் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எம்.எம்.ஆர். இரண்டு தரம் என்று கேட்டால் இந்தக் காட் போதாமல் போகலாம், அப்போது எம்.எம்.ஆரை நான்கு வார இடைவெளியில் இரண்டு தரம் போட்டுவிடுவது சுலபம். ஹெப்பற்றைற்றிஸ் பி 2003 இல்தான் தொடங்கியது, 2008 இல்தான் அது உட்பட ஐந்து நோய்க்கும் ஒரே ஊசி என்று மாறியது, அதனால் அதற்கு முந்திய காட்டில் அந்த ஐந்து நோய் ஊசியைத் தேடினால் கிடைக்காது, தனித்தனிக் கட்டங்களாகத்தான் இருக்கும். கொப்புளிப்பான் ஊசி அரச அட்டவணையில் இல்லவே இல்லை. சின்னனில் அம்மாள் வருத்தம் வந்தது என்று அம்மா சொல்லுவா, அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் வாய்ச்சொல்லை ஏற்காத இடங்களுக்கு இரத்தப் பரிசோதனைதான் வழி.

பரிசோதனை என்றதும் இன்னொரு பெரிய பிழை. ஆய்வுகூடத்தில் போய் "ஹெப் பி ரெஸ்ற்" என்று மட்டும் சொன்னால் எச்.பி.எஸ். ஏ.ஜி. செய்து தந்துவிடுவார்கள். அது உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. பயிற்சிக்கு உங்களிடம் பாதுகாப்பு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள் என்றால் அதற்குச் செய்ய வேண்டியது அன்ரி எச்.பி.எஸ்., அதுவும் எண்ணோடு வர வேண்டும், 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. குழந்தையில் போட்டவர்களுக்கு இப்போது பத்துக்குக் கீழே வருவது சாதாரணம், பயப்பட வேண்டாம். வழக்கமாக ஒரு ஊசி மேலதிகமாகப் போட்டுவிட்டுத் திரும்பப் பார்ப்பார்கள்.

அப்புறம் இந்தத் தெரிந்த ஆள் விவகாரம். தெரிந்த மிஸ் ஒருவர் இருக்கிறா, திகதிகளை நிரப்பித் தந்துவிடுவா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு வோர்ட்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால், நீங்கள் ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி போட்டவரா, உடம்பு அதற்கு எதிர்ப்புக் காட்டியதா என்பதைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தடுப்பூசியும், தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் இமியூனோகுளோபியூலினும் வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். பொய்த் திகதி அந்த நேரத்தில் உங்களையே ஏமாற்றும்.

கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதே, காசநோய் ரெஸ்ற் எதற்கு என்று வாதாடுவதும் வேண்டாம். தழும்பு ஊசி போட்டதைத்தான் காட்டும், கிருமி உடம்பில் இருக்கிறதா என்பதைக் காட்டாது. பி.சி.ஜி. போட்டவர்களுக்கு மான்ரூ, அதாவது தோலில் போட்டுப் பார்க்கிற காசநோய் ரெஸ்ற், வீங்கித் தோன்றலாம், அப்படி வந்தால் குவான்ரிபெரோன் போன்ற இரத்தப் பரிசோதனையை ஏற்பார்களா என்று கேளுங்கள். மான்ரூவை 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் வாசிக்க வேண்டும், வியாழக்கிழமை போட்டால் சனி ஞாயிறு வந்து குழப்பும், போயா லீவையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எம்.ஆரையும் மான்ரூவையும் ஒரே நாளில் செய்யலாம். அது தவறி எம்.எம்.ஆர். முதலில் போட்டுவிட்டால் மான்ரூவுக்கு நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

கடைசியாகக் காட்டைப் பற்றி. கிடைத்த சந்தோசத்தில் லெமினேற் பண்ணாதீர்கள், பிறகு முத்திரையோ கையொப்பமோ வைக்க இடம் இருக்காது. வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் ஸ்கான் பண்ணி ஈமெயிலில் போட்டு வையுங்கள், விரல் மறைத்த வட்ஸ்அப் படம் போதாது. வெளிநாட்டுக்கு என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது காட்டில் உள்ள பெயரும் பாஸ்போட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள், அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் 05/07 அங்கே மே 7 ஆகிவிடும்.