மாடல் செய்வதா, ரெண்டரிங் எடுப்பதா?

நான் வடிவமைத்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்காக இரண்டு வாரம் உழைத்து எட்டு ரெண்டரிங் படங்களை, அதாவது கட்டப்போகும் கட்டடத்தைக் கணினியில் உருவாக்கிக் காட்டும் படங்களை, எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தலைமையாசிரியை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது" என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. கிளம்புகிற நேரத்தில், பெட்டியில் கிடந்த 1:200 அட்டை மாடலை (உண்மை அளவில் இருநூறில் ஒரு பங்கு) மேசையில் வைத்தேன். சாம்பல் நிற அட்டையில் நான்கு தொகுதிகள், எதையும் ஒட்டியிருக்கவில்லை. அவர் குனிந்து, கன்னம் மேசையில் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, வாயில் பக்கத்திலிருந்து பார்த்தார். "இங்கே நின்றால் விளையாட்டுத் திடல் தெரியாதே" என்றார். பிறகு நூலகத் தொகுதியை ஒரு விரலால் தள்ளி, சற்றுத் திருப்பி வைத்தார். இன்று அந்த நூலகம் அவர் திருப்பி வைத்த கோணத்தில்தான் நிற்கிறது.

என் எட்டுப் படங்களில் ஒன்றுகூட வாயிலிலிருந்து பார்க்கும்படி எடுக்கப்படவில்லை. ரெண்டரிங்கில் எங்கே நின்று பார்ப்பது என்பதை நாம் முன்னதாகவே முடிவு செய்துவிடுகிறோம். மாடலைச் சுற்றி வருகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே இரண்டில் எது என்று யோசிக்கும்போது, செலவையும் கையிலிருக்கும் மென்பொருளையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தச் சந்திப்பு முடியும்போது எதிரில் இருப்பவர் எதை முடிவு செய்திருக்க வேண்டும்?

கட்டடம் மனையில் எங்கே உட்காரும், எவ்வளவு உயரம், அண்டைக் கட்டடத்தை எவ்வளவு நெருங்கும் என்பவை பதிலானால், மாடல் செய்யுங்கள். நிலம் சரிவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 1:500 அளவில் 2 மில்லிமீட்டர் அட்டை ஒன்று, ஒரு மீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சரியாக வரும். நிலத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளின்படி அட்டைகளை நீங்களே வெட்டி அடுக்கிப் பாருங்கள். எங்கே மண்ணை வெட்ட வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும் என்பது அடுக்கி முடிப்பதற்குள் கைக்கே தெரிந்துவிடும். செங்கல்லா கல்லா, எந்த மரம், எந்த நிறம், மாலை வெளிச்சத்தில் முகப்பு எப்படித் தெரியும் என்பவை பதிலானால் ரெண்டரிங் போதும். ஐந்து வகைச் சுவர்ப்பூச்சை ஒரே பிற்பகலில் மாற்றிக் காட்ட அட்டையால் முடியாது.

அளவுகோலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 300 மீட்டர் நீள வளாகம் 1:500இல் 60 சென்டிமீட்டர். ஒரு மேசையில் அடங்கும். சிறிய வீட்டுக்கு 1:50 நல்லது. 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு (நடுவில் நுரை வைத்த லேசான பலகை) அந்த அளவில் 25 சென்டிமீட்டர் சுவராகும். அதே பலகையை 1:100இல் பயன்படுத்தினால் சுவர் அரை மீட்டர் தடிமனாகி, வீடு கோட்டைபோல் ஆகிவிடும். அதற்கு 2 மில்லிமீட்டர் அட்டையே சரி. எந்த அளவானாலும் ஒரு மனித உருவத்தை வெட்டி நிறுத்துங்கள். 1:200இல் அது சுமார் 8 மில்லிமீட்டர் உயரம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு எதுவும் அளவுபடாது.

மாடலை அலங்கரிக்காதீர்கள். 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி, வண்ணம் பூசிய மாடல் கண்ணை மயக்கிவிடும், வெறுமையாகவும் எளிமையாகவும் இருக்கட்டும் என்று எழுதினார். லண்டன் புனித பால் பேராலயத்துக்காக அதன் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1673-74இல் ஓக் மரத்தில் செய்வித்த மாடல் 6 மீட்டருக்கும் அதிக நீளம். அத்தனை பெரிய உழைப்புக்குப் பிறகும் அந்த வடிவம் ஏற்கப்படவில்லை, கட்டப்பட்டது வேறொன்று. தொடக்கத்திலேயே பளபளப்பான மாடலைச் செய்ய நினைக்கும் இளையவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. முழுமையாக முடித்த ஒன்றின்மேல் கை வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கை வைக்காவிட்டால் அந்த நூலகம் திரும்பியிருக்காது.

ரெண்டரிங்குக்கும் இதே ஆபத்து உண்டு, இன்னும் கூடுதலாக. புகைப்படம்போல் இருக்கும் படத்தை முதல் மாதத்திலேயே காட்டினால், எல்லாம் முடிவாகிவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். பேச்சு சோபாவின் நிறத்துக்குப் போய்விடுகிறது. பொருளும் நிறமும் இல்லாத வெள்ளை ரெண்டரிங்கோடு தொடங்குங்கள்.

என்னுடைய பெரிய தவறு லென்ஸில் நடந்தது. ஒரு கூடத்தின் ரெண்டரிங்கை, மென்பொருளின் கேமராவில் 18 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் வைத்து எடுத்தேன். அறை முழுவதும் படத்தில் விழுந்தது, விசாலமாகத் தெரிந்தது. வீடு முடிந்ததும் உரிமையாளர் அந்தக் கூடத்தின் நடுவில் வெகுநேரம் நின்றுவிட்டு, "படத்தில் பார்த்தது இந்த அறைதானா?" என்று கேட்டார். அளவில் ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. இருந்தும் அவரை ஏமாற்றியவன் நான்தான். அன்றிலிருந்து 24க்குக் கீழே போவதில்லை. கேமராவைக் கண்மட்டத்தில், சுமார் 1.6 மீட்டரில் வைக்கிறேன். மனையின் அட்சரேகையையும் திசையையும் கொடுத்து, எந்தத் தேதி, எத்தனை மணி வெயில் என்று படத்தின் மூலையில் எழுதிவிடுகிறேன். சூரியன் ஒருநாளும் எட்டிப்பார்க்காத சுவரில் பொன்வெயில் அடிக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மரங்களையும் நட்ட முதல் ஆண்டு உயரத்திலேயே காட்டுங்கள். இருபது ஆண்டு நிழலை இப்போதே விற்காதீர்கள்.

தலையில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் கருவி, எங்கு வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கிறார்; மற்றவர்கள் சுற்றி நின்று காத்திருக்கிறார்கள். குழுவாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அதை நான் பயன்படுத்துவதில்லை.

இரண்டையும் சேர்க்க நேரமோ பணமோ இல்லையென்றால், 1:50 மாடலைச் செய்துவிட்டு கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் தரையை ஒட்டி வரும். அந்த அளவில் கண்மட்டம் 3 சென்டிமீட்டர்தான். கூரையைக் கழற்றாமல் ஜன்னல் வழியாக உள்ளே எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழச் செய்தால், அறையின் இருண்ட மூலைகள் உடனே தெரிந்துவிடும். வெளியூரில் இருப்பவருக்கு இந்தப் படங்களை அனுப்பலாம். ஆண்டு முழுவதும் நிழல் எப்படி நகரும் என்பதற்கு மட்டும் கணினியிடம் போங்கள். அந்தக் கணக்கை அது நம்மைவிடத் துல்லியமாகச் செய்யும்.

இரண்டும் இருந்தால் மாடலை முதலில் வையுங்கள், படங்கள் மூடியே இருக்கட்டும். தொகுதிகளை ஒட்ட வேண்டாம். பெட்டியில் ஒரு கட்டரும் இரண்டு மூன்று அட்டைத் துண்டுகளும் எப்போதும் இருக்கட்டும்.