எல்லாருக்கும் முன்னால கல்யாணம் கேக்க முதல்: எங்கட பெடியள் விடுற பிழையள்

முழங்கால்ல இருந்து மோதிரத்தை நீட்டி "என்னைக் கட்டுவியா" எண்டு சனத்துக்கு முன்னால கேக்கிறது இப்ப கிளிநொச்சி, வவுனியாப் பக்கமும் வந்திட்டுது, பேர்த்டே கேக் வெட்டேக்க, கம்பஸ் ஃபங்ஷன்ல, கடற்கரையில. அது கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல, அதை விரும்புற பிள்ளைக்கு அது பெரிய சந்தோசம். ஆனா அந்தப் பிள்ளைக்கு "இல்லை" எண்டு சொல்லவும் வழி இருக்கோணும், அந்த வழியை அடைச்சுப்போட்டுக் கேக்கிறதிலதான் மற்ற எல்லாப் பிழையும் தொடங்குது.

பதில் தெரியாமலே கேக்கிறது முதல் பிழை. எப்ப, எங்க எண்டது சர்ப்ரைஸா இருக்கலாம், கல்யாணமே சர்ப்ரைஸா இருக்கப்படாது. கட்டுறமா, எப்ப கட்டுறம், அவா படிச்சு முடிக்கோணுமா, வெளிநாட்டு யோசனை இருக்கா, வீட்டில குறிப்புப் பொருந்தேல்லை எண்டா என்ன செய்யிறது, சீதனக் கதை வந்தா நீங்கள் வாயைத் திறப்பியளா, இதெல்லாம் ரெண்டு பேரும் தனிய இருந்து கதைச்சு முடிச்சிருக்கோணும். "இப்பிடி எல்லாருக்கும் முன்னால கேட்டா உனக்குப் பிடிக்குமா" எண்டும் சாடையாக் கேட்டுப் பாருங்கோ. விருப்பமே சொல்லாத பிள்ளையிட்ட போய் மோதிரத்தை நீட்டுறது அந்தப் பிள்ளையை நெருக்கிறதுதான், வேற ஒண்டும் இல்லை.

சுத்திவர நிக்கிறவை கை தட்டேக்க தலையாட்டினதை சம்மதம் எண்டு எடுக்கேலாது. அந்த இடத்தால தப்பினாக் காணும் எண்டு ஓம் சொல்லுற பிள்ளையள் இருக்கினம். அப்பிடி மாட்டுப்பட்ட ஆராவது இதை வாசிச்சா, பயப்பிடாதேங்கோ தங்கச்சி, கட்டுறன் எண்டு வாக்குக் குடுத்ததை வச்சுக் கட்டாயம் கட்டத்தான் வேணும் எண்டு உத்தரவு போட இலங்கைச் சட்டத்தில எந்தக் கோட்டாலயும் ஏலாது, வீட்டுக்குப் போய் நம்பின ஒருத்தரிட்டச் சொல்லுங்கோ.

அடுத்தது இடமும் நாளும், எங்கட பக்கத்தில இதைத்தான் கூட யோசிக்கோணும். முல்லைத்தீவுக் கடற்கரை பின்னேரத்தில நல்ல வடிவு, ஆனா 2004 மார்கழி 26 சுனாமியில அந்தக் கரையில அவான்ர வீட்டு ஆக்கள் ஆரும் போனவையா எண்டு கேட்டனீங்களா? வட்டுவாகல் பாலத்தடியில நிண்டா போட்டோ நல்லா வரும்தான், 2009ல யுத்தம் முடியேக்க அந்தப் பாலத்தாலதான் தகப்பனில்லாமக் கடந்து வந்த பிள்ளையள் கனபேர், அவைக்கு அது போட்டோ எடுக்கிற இடமில்லை. மே மாசத்தில யுத்தத்தில செத்தவையை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கிற அந்தக் கிழமையை விடுங்கோ. அதைவிட ஒவ்வொரு வீட்டுக்கும் தங்கட தங்கட நாள் ஒண்டு இருக்கு, அது கலண்டர்ல இராது, கேட்டுத்தான் அறியோணும். வற்றாப்பளைப் பொங்கல், மடு ஆவணித் திருவிழா மாதிரி சனம் நேத்தியோட வாற இடமும் வேண்டாம். மற்றாக்களின்ர சாமத்தியவீட்டிலயும் வேண்டாம், அது அந்தப் பிள்ளையின்ர நாள்.

தாயை மறந்திடுறதும் பெரிய பிழை. தகப்பன் இல்லாமத் தாய் தனிய வளத்த குடும்பங்கள் இஞ்ச எத்தினை! மகளின்ர சங்கதி பக்கத்து வீட்டு போன்ல வந்து தாய்க்குத் தெரிய வந்தா, மாமன், சித்தப்பன் எல்லாரும் "நீ வளத்த வளர்ப்பு" எண்டு அந்த மனுசியைத்தான் குடைவினம். பிள்ளை ஓம் எண்டால் அந்தப் பேச்சு ரெண்டு மாசத்தில போயிடும், இல்லை எண்டால் அடுத்த சம்பந்தம் பேச வாறவை வரைக்கும் அது போகும், பெடியனுக்கு ஒண்டும் நடக்காது. அதால முதல்ல அவாவோட கதைச்சு, அவா சரியெண்டா தாயிட்ட மரியாதையாப் போய்ச் சொல்லிப்போட்டு, பேந்து மற்றதைச் செய்யுங்கோ. சந்தோசத்தில அந்த அம்மாவும் பக்கத்தில நிப்பா.

வீடியோ எடுக்கிறதெண்டா ஒரே ஒரு ஆள் எடுக்கட்டும், லைவ் வேண்டவே வேண்டாம். டிக்டொக்கில போடுறதா இல்லையா எண்டதை அவா அடுத்த நாள் ஆறுதலா முடிவெடுக்கட்டும், கூட்டாளிமாருக்கு இதை முதலே கண்டிப்பாச் சொல்லி வையுங்கோ.

ஒருத்தரும் யோசிக்காத ஒரு விசயம், அவா எப்பிடித் திரும்பிப் போறது? உங்கட மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு இரணைமடுக் கட்டுக்கோ வவுனிக்குளத்துக்கோ போய்க் கேட்டு, அவா "இல்லை" எண்டா, அதே சைக்கிள்ல உங்களுக்குப் பின்னால இருந்துதான் வரோணும், பின்னேரத்துக்குப் பிறகு பஸ்ஸும் இராது. இதை நினைச்சே ஓம் எண்டு சொல்லிப்போடுவா. அதால அவா தன்ர ஸ்கூட்டியில வந்து போகக்கூடிய இடமாப் பாருங்கோ, இல்லாட்டி சினேகிதி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ.