முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன்: தேதி குறித்ததுமே தொடங்க வேண்டிய வேலைகள்

ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். மூட்டில் பொருத்தும் உலோகத்தில் கிருமி ஒட்டிக்கொண்டால் மருந்தால் மட்டும் அதை ஒழிப்பது மிகக் கடினம். பெரும்பாலும் மூட்டை மறுபடி திறக்க வேண்டிவரும். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இது:

படி 1: புண் தேடுங்கள். உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துப் பாருங்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண், ரத்தம் கசியும் பித்தவெடிப்பு, நகக்கண்ணில் சீழ் இருக்கிறதா? சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல்? எது இருந்தாலும் இப்போதே காட்டிவிடுங்கள். கடைசி நாளில் தெரிந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 8-ஐத் தாண்டினாலும் பல டாக்டர்கள் தள்ளிவைப்பார்கள். முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். வழக்கமாக 3 மாத இடைவெளி கேட்பார்கள். புகைப்பவர்கள் 4 வாரம் முன்பாவது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும்.

படி 2: தொடைக்குப் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். அதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடையின் முன்பக்கம் கல்லாக இறுக வேண்டும். தொட்டுப் பார்த்தால் தெரியும். 5 விநாடி பிடித்து விடுங்கள். 10 தடவை, மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலியாலும் வீக்கத்தாலும் இந்தத் தசைதான் முதலில் சோர்ந்துபோகும். வாக்கரில் நடக்கவும் இப்போதே பழகுங்கள். வலியோடு புதிதாகக் கற்பது சிரமம்.

படி 3: மாத்திரைகள். எல்லா அட்டைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், மூட்டுவலிக்கு வாங்கிய நாட்டுமருந்துப் பொடி உட்பட. சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது உயிர் விஷயம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும். சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும்.

படி 4: வீடு. மிதியடி, தளர்ந்த வயர், ஈரத்தரை மூன்றையும் ஒழியுங்கள். கை வைத்த உயரமான நாற்காலி வேண்டும். கழிப்பறை தரைமட்டத்தில் இருந்தால் கமோடு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும்.

படி 5: முந்தின நாளும் அன்றும். காலில் முடியை நீங்களே சவரம் செய்யாதீர்கள். பிளேடு போடும் நுண்கீறல்களில் கிருமி குடியேறும். தேவையென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். கொடுத்த கிருமிநாசினி சோப்பால் இரவும் காலையும் குளித்து, துவைத்த துணி உடுத்துங்கள். திட உணவை 6 மணி நேரம் முன்பும், எண்ணெய்ப் பலகாரம், கறியை 8 மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். பால் காபி தண்ணீர்க் கணக்கில் சேராது, அதற்கும் 6 மணி நேரம். உங்கள் மயக்க டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுவே கணக்கு. நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டலாம்.

தியேட்டருக்குள் போகுமுன் எந்தக் கால் என்று மார்க்கரால் குறியிடுவார்கள். நீங்கள் விழித்திருக்கும்போதே, உங்களிடம் கேட்டுக் குறியிடச் சொல்லுங்கள்.