எட்டரை மணிக்கே நடுச்சாமம்

டர்பனில் இருக்கிறோம். ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை வரை அவர்களை முழித்திருக்க வைப்பது நடக்காத காரியம். ஆனால் தென்னாப்பிரிக்க நேரம் நம் ஊரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். தூத்துக்குடியில் இரவு 12 என்றால் இங்கே 8.30தான்!

அதனால் டிசம்பர் 24 மதியம் பிள்ளைகளை நன்றாகத் தூங்க வைத்துவிடுங்கள். இங்கே இது கோடை, ஏழு மணி வரை வெளிச்சம் இருக்கும். நட்சத்திர விளக்கை ஏழரைக்குப் போட்டால்தான் அழகு. எட்டேகாலுக்குப் புதுத்துணி. எட்டரைக்குச் சரியாக ஊருக்கு வீடியோ கால். கோயிலுக்குள் போன் பேசுவது சரியில்லை. முற்றத்தில் நிற்கும் யாரையாவது கூப்பிடச் சொல்லி வையுங்கள். போன வருஷம் கோயில் மணி கேட்டதும் சின்னவள் போனில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அசையவே இல்லை. பாட்டிக்கு அதைச் சொன்னபோது பேச்சே வரவில்லை.

அப்புறம், அச்சு முறுக்கை வெளியே வைக்காதீர்கள், கடற்கரை ஈரக்காற்றில் நமத்துவிடும். ஆறியதும் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள்.