கப்பும் கிலோவும்: கணக்கு எங்கே கெடுகிறது?

தராசில் பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறப்பது, கப்பைத் தலைதட்டாமல் அளப்பது எல்லாம் ஒரு தடவை பட்டால் திருந்திவிடும். பட்ட பிறகும் திருந்தாத தவறு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் யாராவது அதில் ஒரு கிலோ நெய்யைத் தொலைக்கிறார்கள்.

கப் விகிதத்தைக் கிலோவில் போடுவது

ஏழு கப் கேக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்: கடலை மாவு, தேங்காய்த் துருவல், பால், நெய் ஒவ்வொரு கப், சர்க்கரை மூன்று கப். வீட்டுக்குச் செய்யும்வரை பிழையில்லை. பத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றதும் கப் கிலோவாகிவிடுகிறது. மாவு ஒரு கிலோ, தேங்காய் ஒரு கிலோ, பால் ஒரு லிட்டர், நெய் ஒரு கிலோ, சர்க்கரை மூன்று கிலோ. உருளி சூடேறியதுமே கரண்டி நகராது. மாவு கட்டி தட்டும், அடிபிடிக்கும், பச்சை வாசனை போகாது. நெய் போதவில்லை என்று இன்னும் அரை கிலோ ஊற்றுவார்கள். அப்போதும் வில்லை போட்டால் உதிரும்.

காரணம் மாவின் லேசுதான். 240 மி.லி. கப்பில் சலித்த கடலை மாவு சுமார் 100 கிராம்தான் நிற்கும். அதே கப்பில் சர்க்கரை 200, நெய் 220 கிராம். ஆக ஒரு கிலோ மாவு என்பது பத்து கப். அதற்குப் பால் 2.4 லிட்டர், நெய் 2.2 கிலோ, சர்க்கரை ஆறு கிலோ வேண்டும். போட்டதோ ஏறக்குறைய பாதி. பாகு பாதியாக இருக்கும்போது வில்லை எப்படிச் சேரும்?

மறுபக்கமும் இதே கதை. வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 250 கிராம் என்ற கேக் குறிப்பைத் தலா ஒரு கப் என்று படித்தால் மைதா 125 கிராம்தான் விழும், வெண்ணெய் 225. நடுவில் குழி விழுந்து நெய் கசியும். பழி கேக் வேகவைத்த ஓவன்மேல் போகும், பாவம்.

எந்தக் கப்?

அமெரிக்கக் குறிப்புகளில் சுமார் 240 மி.லி., சில நாடுகளில் 250. ரைஸ் குக்கரோடு வருவது 180. பழைய ஆழாக்கு 168. எல்லாப் பொருளையும் ஒரே கப்பால் அளந்தால் எதுவானாலும் சரி. பாதி கப்பிலும் பாதி கிராமிலும் அளக்கும்போதுதான் வினை.

மில்லியும் கிராமும் ஒன்றா?

தண்ணீருக்கு மட்டும். 100 மி.லி. நெய் 91 கிராம், தேன் 140.

கப்பை டப்பாவுக்குள் குத்தி அள்ளுவது

கரண்டியால் போட்டுத் தலைதட்டிய மைதா 125 கிராம். குத்தி அள்ளினால் 150 வரை போகும்.

கல் உப்பு

ஸ்பூன் கணக்கு வேண்டாம். எடை போடுங்கள்.

டேபிள்ஸ்பூன்

15 மி.லி. ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் 20.