படகு மிதக்க அரைச் சாண், துடுப்புப் போட ஒரு முழம்

ஞாயிறு காலை சென்னையை அடுத்த முட்டுக்காட்டுக் கழிக்கரையில் நின்றிருந்தேன். துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகான கேனோ ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்த இருவர், கணுக்கால்கூட முழுகாத தண்ணீரில் அதை இறக்கினார்கள். மிதந்தது. சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தார்கள். படகும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. உடனே இரண்டு பேரும் இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டி அதை நகர்த்த ஆரம்பித்தார்கள். அடியில் சிப்பி ஓடு கறகறவென்று உரசுவது எனக்குக் கரைவரை கேட்டது.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே கரையில் இதையேதான் செய்தேன். லைஃப் ஜாக்கெட் போடச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் தண்ணீரின் ஆழத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கால் நனையாமல் ஏறப் பார்ப்பது

காலிப் படகு மிதப்பதைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்வதில்தான் எல்லாம் தொடங்குகிறது. 16 அடி கேனோ 30 கிலோ இருக்கும். காலியாக இருக்கும்போது ஓர் அங்குலத் தண்ணீரே அதற்குப் போதும். இரண்டு பேர், பை, தண்ணீர் கேன் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 200 கிலோ. அந்த 200 கிலோவைத் தாங்க 200 லிட்டர் தண்ணீரைப் படகு விலக்கியாக வேண்டும். அதற்கு அடிப்பக்கம் ஏறக்குறைய 10 செ.மீ. முழுகும், அதாவது அரைச் சாண். அதற்குமேல் ஏற்றுகிற ஒவ்வொரு 25 கிலோவுக்கும் இன்னொரு சென்டிமீட்டர் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படகுக்கு அதிக ஆழம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே பாரத்துக்கு, நீளமும் அகலமும் கூடிய கேனோ குறைவாகத்தான் முழுகும்.

தண்ணீர் தாங்கும்போது பாரம் அடிப்பக்கம் முழுவதும் பரவுகிறது. தரை தட்டினால் அத்தனை பாரமும் நாலைந்து சிப்பி ஓடுகளின் முனையில் இறங்கும். அந்த நிலையில் இடுப்பை ஆட்டுவது, நம் கையாலேயே படகின் அடியில் அரம் போடுவதற்குச் சமம். ஃபைபர் படகுக்கு வெளியே வழவழப்பான மேல்பூச்சு ஒன்று உண்டு. அது கீறிப் போனால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழைக்குள் தண்ணீர் மெல்ல இறங்கும். என் முதல் படகில் அப்படித்தான் நடந்தது. இரண்டு மாதம் நான் கவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் கவிழ்த்துக் கட்டைவிரலால் அழுத்தியபோது, என் இருக்கைக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நமுத்த அப்பளம்போல் அமுங்கியது. இழை ஒட்டிச் சரிசெய்தோம். ஆனால் அந்த இடம் மேடுதட்டிப் போனது, பழையபடி ஆகவே இல்லை.

இவ்வளவு சேதமும் எதற்காக? கால் நனையக் கூடாதாம். படகோட்ட வந்துவிட்டு முழங்கால் நனையத் தயங்குவதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. படகை முழங்காலளவு தண்ணீருக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாமான்களை அங்கே ஏற்றுங்கள். ஒருவர் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஏறட்டும். திரும்பி வரும்போதும் அதே ஆழத்தில் இறங்கிவிடுங்கள். வேகமாக வந்து மூக்கைக் கரையில் ஏற்றி நிறுத்துவதும் இதே குற்றம்தான். முன்பக்கம் தரையிலும் பின்பக்கம் தண்ணீரிலும் இருக்கும்போது நடுவே நடந்தால் படகு கவிழ்வதும் சுலபம்.

மிதக்கிறதே, போகலாம் என்பது

துடுப்பின் இலை, அதாவது தண்ணீரைத் தள்ளும் அகன்ற பகுதி, மட்டுமே 45 முதல் 50 செ.மீ. நீளம். அது முழுதும் முழுக வேண்டுமானால் ஒரு முழத் தண்ணீர் வேண்டும். ஒரு சாண் தண்ணீரிலும் ஓட்டலாம்தான். ஆனால் இலையைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்னதாக வலிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு வலிப்புக்கும் சேறு கிளம்பும்.

அங்கே வேகம் எடுக்கப் பார்க்காதீர்கள். 30 செ.மீ. ஆழத்தில் அலை மணிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடாது. அந்த வேகத்தை நெருங்கினால் படகு தான் கிளப்பிய அலையிலேயே மாட்டிக்கொள்ளும். மூக்கு தூக்கும், பின்பக்கம் அமுங்கும், யாரோ கயிறு கட்டிப் பின்னால் இழுப்பதுபோல் இருக்கும். அதுவரை தட்டாத தரையும் தட்டும். பின்னால் இருப்பவர் கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்கார்ந்து, மெதுவாகப் போங்கள்.

துடுப்பை ஊன்றித் தள்ளுவது

கூடாது. இலையின் நுனி பிளந்துவிடும்.

நேற்றைய ஆழத்தை நம்புவது

சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் தண்ணீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 1 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. கழிக்குள்ளே வர வர அது இன்னும் குறையும், நேரமும் தள்ளிப்போகும். கோடையில் மணல் மேடு முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது. வெயிலில் நாளுக்கு நாள் வற்றுவது மட்டும்தான். வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டால், நிரம்பிக் கிடந்த தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். போன வாரம் தாராளமாகப் போன இடத்தில் இந்த வாரம் சேறு தெரியும்.

ஒரு பௌர்ணமியன்று ஏற்றத்தின் உச்சத்தில், குறுகலான கிளைக்கால் ஒன்றில் நுழைந்தேன். நாலு மணி நேரம் கழித்துத் திரும்பினால், முழங்காலளவு இருந்த வாயில் கணுக்காலளவுதான் தண்ணீர். இறங்கி இழுக்கலாமென்று துடுப்பை ஊன்றிப் பார்த்தேன். ஒரு முழம் சேற்றுக்குள் போனது. இறங்கவில்லை. இருட்டிய பிறகு தண்ணீர் ஏறும்வரை படகிலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து புதுக் கிளைக்காலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் நுழைகிறேன். தட்டி நின்றாலும் ஏறுகிற தண்ணீர் தூக்கிவிடும்.

வெறுங்காலோடு இறங்குவது

சிப்பி ஓடு பாதத்தைக் கிழிக்கும். ரப்பர் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். கட்டிப் போடும் ஷூதான் சரி.

ஆழம் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். என் துடுப்பின் நுனியிலிருந்து ஒரு சாணில் ஒரு சிவப்பு டேப், ஒரு முழத்தில் இன்னொன்று. முதல் டேப் நனையாத இடத்தில் யாரையும் ஏறி உட்காரவிடுவதில்லை. இரண்டாவது நனையும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை மெதுவாகத்தான் வலிப்போம்.