ஒரு காதுக்கு முழுப் பாட்டு

அக்கூஸ்டிக் நியூரோமா என்னும் காது நரம்புக் கட்டிக்கு ஆபரேஷன் செய்து ஒரு காது கேட்காமல் போனவர்கள், செல்போன் செட்டிங்ஸில் ‘அக்சஸிபிலிட்டி’க்குள் போய் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்துவிடுங்கள். புது ஹெட்போன் வாங்கத் தேவையில்லை. ஸ்டீரியோவில் ஒலி வலது, இடது எனப் பிரிந்து வருவதால், பாட்டில் வரும் வயலின் கேட்காத காதோடு போய்விடும். மோனோ இரண்டையும் கலந்து நல்ல காதுக்கே தந்துவிடும். ஆபரேஷன் இனிமேல்தான் என்றால், இது எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் தலைச்சுற்றலோடு செட்டிங்ஸைத் தேடுவது பெரும்பாடு.

சாதாரண போன் பேச்சுக்கு இது வேண்டாம், அது ஏற்கெனவே மோனோதான். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் இது காட்டாது. ரோட்டைக் கடக்கும்போது கண்ணைத்தான் நம்ப வேண்டும். அப்புறம், காதுக்குப் பின்னால் போட்ட தையல் ஆறும்வரை அந்தப் பக்கம் எதையும் மாட்டாதீர்கள்.